ஃபுர்ட்வெங்லரின் கைக்குட்டை

1942 ஏப்ரல் 19. விடிந்தால் ஹிட்லரின் பிறந்தநாள். அதையொட்டிய விழாவில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை வாசித்து முடிக்கிறது. மானுட சகோதரத்துவத்தைப் பாடி முடிகிற இசை அது. கோயபல்ஸ் மேடையருகே வந்து கை நீட்டுகிறார். மேலேயிருந்து குனிந்து அந்தக் கையைக் குலுக்குகிறார் இசை நடத்துநர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர். அடுத்த கணம் அவர் கையில் ஒரு கைக்குட்டை. அது இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறுகிறது. இதெல்லாம் படச்சுருளில் பதிவாகியிருக்கிறது.

கோயபல்ஸ் தொட்ட கறையைத் துடைத்தார் என்கிறார்கள் அவருடைய ரசிகர்கள். வியர்வையைத் துடைத்தார், வேறென்ன என்கிறார்கள் மற்றவர்கள். இஸ்த்வான் ஸாபோ 2001இல் எடுத்த படம் இந்தக் காட்சியோடுதான் முடிகிறது. ஒரு மனுஷனுடைய மொத்த வாழ்க்கையையும் அந்தக் கைக்குட்டையில் முடிந்து வைத்துவிட்டார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1942 மார்ச்சில் அவர் நடத்திய அதே ஒன்பதாவது சிம்பொனியின் ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. முதல் பகுதியில் டிம்பனி முரசு இடிமாதிரி இறங்குகிற இடம் ஒன்று வரும். தோல்கருவிச் சத்தத்தில் வளர்ந்த காது என்னுடையது. அந்த இடத்தில் உடம்பு தன்னால் நிமிர்ந்துவிடுகிறது. அது பெரிய கலை இல்லை என்று என்னால் பொய் சொல்ல முடியாது. அந்த மார்ச் முடிவதற்குள்தான் ஸ்லொவாக்கியாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் யூதர்களை ஏற்றிய முதல் ரயில்கள் ஆஷ்விட்ஸுக்குப் போய்ச் சேர்ந்தன. இதையும் மறைக்க முடியாது.

1886இல் பிறந்தவர் ஃபுர்ட்வெங்லர். 1922இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமைக்கு வந்தார். நாஜிக் கட்சியில் அவர் கடைசிவரை சேரவில்லை. ஆனால் 1933இல் கோயரிங் கொடுத்த அரசவை ஆலோசகர் பட்டத்தையும், அரசு இசை மன்றத்தின் துணைத் தலைவர் பதவியையும் ஏற்றுக்கொண்டார். 1934இல் ஹிண்டமித் என்கிற இசையமைப்பாளருக்காகப் பத்திரிகையில் எழுதி மோதினார், பதவிகளை விட்டார். மறுவருஷமே சமாதானமாகித் திரும்பவும் மேடையேறினார். போருக்குப் பிறகு 1946 டிசம்பரில் விசாரணை நடந்தது. யூத இசைஞர்கள் பலருக்கு உதவினார் என்று சாட்சிகள் சொன்னார்கள். விடுவிக்கப்பட்டு 1947 மே மாதம் மறுபடி பெர்லினில் நடத்தினார். யூதரான யெஹூதி மெனுஹின் அவருக்காகப் பேசினார், அவரோடு சேர்ந்து வாசித்தார். சிகாகோ ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அவர் வருவதை ரூபின்ஸ்டைன், ஹோரோவிட்ஸ் போன்றவர்கள் எதிர்த்து நிறுத்தினார்கள். 1954இல் இறந்தார்.

அவர் உதவியது பொய் இல்லை. அதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி கைக்குட்டைக்கு ஒன்பது வருஷம் முந்தையது.

1933 ஏப்ரல் 7இல் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. நாலு நாள் கழித்துப் பெர்லின் பத்திரிகையில் ஃபுர்ட்வெங்லர் கோயபல்ஸுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் வெளியானது. கலையில் ஒரே ஒரு கோடுதான் உண்டு, அது நல்ல கலைக்கும் மோசமான கலைக்கும் நடுவிலுள்ள கோடு என்றார். புரூனோ வால்ட்டர், கிளெம்பெரர் போன்றவர்களுக்கு ஜெர்மனியில் இடம் வேண்டும் என்றார். துணிச்சலான கடிதம் என்று பெயர் வாங்கிவிட்டது. முழுக்கப் படித்தால்தான் சங்கதி தெரியும். வேரற்ற, அழிவுசெய்கிற யூதர்களை எதிர்த்து நடக்கிற போராட்டம் சரியே என்று அதே கடிதம் ஒப்புக்கொள்கிறது. உண்மையான கலைஞர்கள்மீது மட்டும் கை வைக்காதே என்கிறது.

அப்ப மத்தவங்க? ஏதோ சிற்றூர் நாடகக் கொட்டகையில் இரண்டாவது வயலின் வாசித்தவன், பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவள், சுமாராகத்தான் வாசித்தவர்கள், இவர்களுக்கு யார் கடிதம் எழுதுவது? கதவு திறந்திருக்கிறது, ஆனால் மேதைக்கு மட்டும். 'திறமை' என்கிற சொல் எங்கே காதில் விழுந்தாலும் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். "நீ அவங்க மாதிரி இல்லப்பா" என்று தோளில் தட்டிக்கொடுக்கிற குரல் நமக்குப் பழக்கமானதுதானே?

வயலின் கலைஞர் புரோனிஸ்லாவ் ஹூபர்மனை அதே 1933இல் ஃபுர்ட்வெங்லர் வாசிக்க அழைத்தார். விதிவிலக்காக வந்து நிற்க ஹூபர்மன் சம்மதிக்கவில்லை. பின்னால், துரத்தப்பட்ட யூத இசைஞர்களைத் திரட்டி ஓர் ஆர்க்கெஸ்ட்ராவை உருவாக்கினார். அதன் முதல் நிகழ்ச்சியை 1936 டிசம்பரில் டெல் அவிவில் டாஸ்கனினி நடத்தினார்.

இன்னொரு ஆர்க்கெஸ்ட்ராவும் இருந்தது. ஃபுர்ட்வெங்லர் அடிக்கடி நடத்திய வியன்னா ஃபில்ஹார்மோனிக்கின் முதல் வயலினாக அரை நூற்றாண்டுக்கும் மேல் இருந்தவர் அர்னால்ட் ரோஸே. 1938இல் யூதர் என்று வெளியேற்றப்பட்டார். அவருடைய மகள் ஆல்மா 1943இல் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே கைதிப் பெண்களின் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் வேலை அவருக்கு. காலையில் வேலைக்குப் போகிற கைதிகளுக்கும், சாயங்காலம் தள்ளாடித் திரும்புகிறவர்களுக்கும் வாசலில் நின்று அணிவகுப்பு இசை வாசிக்க வேண்டும்.

ஆல்மாவின் பெயரும் வழக்கில்தான் இருக்கிறது. கொடுமைக்காரி, எஸ்.எஸ். அதிகாரிகளின் பாராட்டுக்கு ஏங்கியவள் என்று அங்கே பாடிய ஃபானியா ஃபெனெலான் எழுதினார். செலோ வாசித்த அனிதா லாஸ்கர்-வால்ஃபிஷ் உட்பட மற்றப் பெண்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். கண்டிப்பானவர்தான், அந்தக் கண்டிப்புதான் எங்களை உயிரோடு வைத்தது என்றார்கள். ஒன்று நிச்சயம்: சரியாக வாசிக்க வராத பெண்களையும் ஆல்மா வெளியே அனுப்பவில்லை. இசைக்குறிப்பு நகலெடுக்க, எடுபிடி வேலை பார்க்க என்று ஏதாவது காரணம் சொல்லிக் கூடவே வைத்துக்கொண்டார். வெளியே அனுப்பினால் சாவு என்று அவருக்குத் தெரியும். 1944 ஏப்ரலில் திடீர் நோயில் ஆல்மா முகாமிலேயே இறந்தார். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

ஃபுர்ட்வெங்லர் அதிகாரத்தின் பக்கத்தில் நின்று, திறமையுள்ளவனை விட்டுவிடு என்றார். ஆல்மா அதே அதிகாரத்தின் காலடியில் கிடந்து, தன் திறமையைக் காட்டித் திறமையில்லாதவளையும் உள்ளே இழுத்துக்கொண்டார். விமரிசகர்கள் கைக்குட்டைக்குச் செலவழித்த பக்கங்களில் பாதியையாவது இதற்குக் கொடுத்திருக்கலாம்.

அந்த ஒலிப்பதிவை நான் தூக்கிப்போடவில்லை. இப்பவும் கேட்கிறேன். ஆனால் தோழர்களே, "உனக்குத்தான் திறமை இருக்கே, வா" என்று ஒருத்தர் நம்மில் ஒருவருக்குக் கதவைத் திறந்தால், ஹூபர்மன் மாதிரி வாசலிலேயே நின்று கேட்டுவிடுவோம்: யாரையெல்லாம் வெளியே நிறுத்திட்டு என்னைக் கூப்பிடறே?