உடையும் தேர்வும்: பல்கலைக்கழக மாணவர் உடை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

'ஆள் பாதி, ஆடை பாதி' என்னும் பழமொழியும், 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் முதுமொழியும் தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கி வருவன. முன்னது, உடை பிறர் கண்ணுக்குத் தரும் தோற்றத்தைப் பற்றியது. பின்னது, உடுத்துபவர் தம் உடைமீது கொள்ளவேண்டிய அக்கறையைப் பற்றியது. பல்கலைக்கழக மாணவரின் உடை குறித்து அவ்வப்போது எழும் விவாதங்களை நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் முதலாவது பழமொழியோடு நின்றுவிடுவதைக் காணலாம். மாணவர் எவ்வாறு தோன்றவேண்டும் என்று பேசுவோர் பலர். அவர் எந்த வெயிலில், எத்தனை மைல் பயணித்து, எந்தத் தண்ணீரில் தோய்த்த உடுப்போடு விரிவுரை மண்டபத்துள் நுழைகின்றார் என்று கேட்போர் மிகச் சிலரே. வசதியும் அழகும் ஒன்றுக்கொன்று பகையானவை என்ற எண்ணம் நிலைபெற்றிருப்பதற்கு இவ்விரண்டாவது வினா கேட்கப்படாமையே காரணம் எனலாம்.

இவ்வினாவை வெறுங் கருத்தளவில் அன்றி, ஓர் இடத்தில் வைத்து நோக்குதல் பயன்தரும். யாழ்ப்பாணத் தீவகத்தின் புங்குடுதீவிலிருந்து நாள்தோறும் பல்கலைக்கழகத்துக்கு வந்து திரும்பும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாண நகருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். குறிகட்டுவானிலிருந்து வரும் பேருந்தில் ஏறி, வாணர் பாலத்தைக் கடந்து, வேலணையூடாகப் பண்ணைப் பாலத்தை அடைந்து, நகரில் இறங்கித் திருநெல்வேலிக்கு வேறொரு பேருந்து பிடிக்கவேண்டும். தரிப்பிடம் வரை சைக்கிளில் வருதலும் உண்டு. இரு பாலங்களிலும் பக்கத்துக் கடலின் உப்புக் காற்றுத் தடையின்றி வீசும். சோளகக் காலத்தில் அக்காற்றோடு மணலும் சேர்ந்து வரும். ஐந்தரை மீற்றர் சேலையைக் கொசுவி உடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறுவதும், நெரிசலில் பேருந்தின் கம்பியைப் பிடித்து நிற்பதும், பாலத்துக் காற்றில் முந்தானையைக் காப்பதும் எத்தகைய முயற்சிகள் என்பது அவற்றைச் செய்தவர்க்கே தெரியும். விரிவுரை மண்டபத்தில் 'எடுப்பாக' இருக்கவேண்டும் என்று விதி வகுப்போரின் கண்ணுக்கு இப்பயணம் புலப்படுவதில்லை.

துணியைப் பற்றியும் சிறிது சிந்திக்கவேண்டும். வெப்பநிலை 20 பாகை செல்சியசாகவும் சாரீரப்பதன் 65 வீதமாகவும் உள்ள நியம நிலையில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 வீத ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பொலியெஸ்டரோ 0.4 வீதத்தை மட்டுமே கொள்ளும். வியர்வையை ஏற்றுக் காற்றில் விடும் பருத்தி இவ்வரண்ட மண்ணுக்கு உகந்தது என்பது வெளிப்படை. ஆயினும் வசதி குறைந்த வீட்டு மாணவர் பலர் பொலியெஸ்டர் கலந்த துணியையே நாடுகின்றனர். அதனை அறியாமை என்று தள்ளிவிடல் தகாது. அத்துணி விரைவில் உலரும், மடிப்புக் குலையாது, மினுக்கவேண்டிய தேவை குறைவு, மலிவானது. இரண்டே இரண்டு மேற்சட்டைகள் உடையவர்க்கு, இரவில் தோய்த்ததை விடியலில் அணிய முடிவதே முதன்மையான வசதி. எனவே 'வசதி' என்னும் சொல் எல்லோர்க்கும் ஒரே பொருள் தருவதன்று. ஒருவர்க்கு அது உடலின் குளிர்ச்சி. வேறொருவர்க்கு நாளையக் கவலை இல்லாமை.

தோய்க்கும் தண்ணீரோ தீவகத்தில் தனிப் பிரச்சினை. கிணறுகள் பல உவர்ப்பானவை. கல்சியமும் மகனீசியமும் கரைந்த வன்னீரில் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை; மாறாக, கரையாத படிவொன்றாகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணி பழுப்பேறுவதும் சொரசொரப்பாவதும் இதனாலேயே. 'கசக்கிக் கட்டு' என்ற அறிவுரை நன்னீர் உள்ள ஊரில் கூறுதற்கு எளிது.

இவ்விடத்துப் புங்குடுதீவின் மைந்தராகிய மு. தளையசிங்கத்தை நினையாதிருக்க இயலாது. பேராதனையிற் பயின்று, 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி', 'போர்ப்பறை', 'மெய்யுள்' முதலியவற்றால் ஈழத்து விமர்சனத்தில் தனித்தடம் பதித்த அவர், 1971இல் தம் ஊரின் கண்ணகை அம்மன் கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர் அள்ளும் உரிமைக்காக நடந்த அறப்போராட்டத்தில் முன்னின்று, பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார். 1973இல் மறைந்தார். நன்னீர்க் கிணறு குடிப்பதற்கு மட்டும் உரியதன்று. குளிப்பதும் தோய்ப்பதும் தண்ணீரைச் சார்ந்தவையே. தண்ணீரைத் தடுத்துவிட்டு, அதே மக்களைத் 'துப்புரவு இல்லாதவர்' என்று பழித்த சமூகம் இது. ஒருவரின் தோற்றத்தை மதிப்பிடுமுன், அத்தோற்றத்துக்கு வேண்டிய பொருள்கள் அவர்க்குக் கிட்டினவா என்று கேட்கவேண்டும் என்பதே அப்போராட்டம் உடை பற்றிய சிந்தனைக்குத் தரும் பாடம்.

வரலாற்று நோக்கில், ஈழத்தில் படித்தோரின் உடை எக்காலத்தும் வெறும் உடையாக இருந்ததில்லை. மேனாட்டு உடையைக் கண்மூடிப் பின்பற்றுதலை இரவல் இறகு தரித்தலாகக் கண்டித்து, ஆனந்த குமாரசுவாமி 1905இல் ஒரு சிறு வெளியீட்டை எழுதினார். 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தீண்டாமை ஒழிப்பு, தாய்மொழி வளர்ச்சி என்பவற்றோடு தேசிய உடையையும் தன் கொள்கைகளுள் ஒன்றாகக் கொண்டது. 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் அவ்வியக்கத்தாரின் முயற்சியாலேயே. ஒரு செய்தி இங்கு குறிப்பிடத்தக்கது. அம்மாணவர் வேட்டியையும் கதரையும் தாமே தேர்ந்தனர். அவர்மீது அவை சுமத்தப்படவில்லை. அன்றைய அதிகாரமும் பணமும் காற்சட்டையின் பக்கம் நின்றன. அவற்றை மறுத்தே அவர் வேட்டியை உடுத்தனர். ஆதலின் அவ்வுடைக்கு ஒரு பொருள் இருந்தது. அதே உடையை ஓர் அறிவித்தலால் கட்டாயமாக்கின், துணி எஞ்சும், பொருள் நீங்கிவிடும்.

மரபுடை எனப் போற்றப்படுவதன் மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையன்று. யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிவதும், ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுப்பதும், தோளிற் சால்வை இடுவதும் தடுக்கப்பட்டிருந்த காலம் தொலைவில் இல்லை. கே. டானியலின் நாவல்கள் அவ்வடக்குமுறை உலகைப் பதிவுசெய்துள்ளன. சேலையும் சால்வையும் எல்லோர்க்கும் உரிய 'தமிழர் மரபு' ஆனமை இயல்பாக நிகழ்ந்ததன்று, போராடிப் பெற்றதாகும். உடுக்கும் உரிமைக்காகப் போராடிய மக்களின் பேரர்க்கு, 'இதனையே உடு' என்று ஆணையிடுவது அப்போராட்டத்தின் தொடர்ச்சியாகுமா என்பது சிந்தனைக்குரியது.

இப்பின்னணியிலேயே அண்மைக்கால உடைக் கட்டுப்பாடுகளை மதிப்பிடல் வேண்டும். 2005இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், ரீசேட் முதலியவற்றுக்குத் தடை விதித்தபோது தமிழகத்தில் பெரும் விவாதம் எழுந்தது. 2016 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில், விரிவுரைகளுக்கு டெனிமும் ரீசேட்டும் ஆகா என்றும், வெள்ளிக்கிழமைகளில் மாணவியர் சேலை உடுத்தல் வேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டதாக வெளிவந்த செய்திகள் அவ்விவாதத்தை இம்மண்ணிலும் எழுப்பின. இத்தகைய விதிகளை ஆதரிப்போரின் வாதங்களை எளிதில் புறந்தள்ளுதல் விமர்சனமாகாது. அவர் கூறுவன இரண்டு. ஒன்று, செல்வர் வீட்டுப் பிள்ளையின் ஆடம்பரம் ஏழை மாணவரைக் கூசச்செய்யும். பொது ஒழுங்கு அக்கூச்சத்தைப் போக்கும் என்பது. மற்றொன்று, கல்விக்கூடத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. உடை அதனைக் காட்டவேண்டும் என்பது.

முதல் வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் ஒரே உடை சமத்துவத்தைத் தருவது, அவ்வுடை எல்லோர்க்கும் கிடைக்கும்போதே. பாடசாலை மாணவர்க்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கும் திட்டத்தை அரசு 1993இல் தொடங்கியது. அதனாலேயே வெள்ளைச் சீருடை ஏழைப் பிள்ளைக்கு ஓரளவு காப்பாக அமைந்தது. பல்கலைக்கழகச் சேலையை எவரும் இலவசமாக வழங்குவதில்லை. சேலைக்கு உள்பாவாடை வேண்டும், பொருந்தத் தைத்த சட்டை வேண்டும், தையற்கூலி வேண்டும். வாரந்தோறும் ஒரே சேலையை உடுத்துபவர் கண்ணில் படுவார். மகாபொல உதவிப்பணத்தில் வாடகையும் உணவும் பார்ப்பவர்க்கு இது சிறு செலவன்று. கூச்சத்தைப் போக்க வந்த விதி புதிய கூச்சத்தையே பிறப்பிக்கும்.

இரண்டாம் வாதமும் அரைகுறையானது. கல்விக்கூடத்தின் மதிப்பு அங்கு நிகழும் சிந்தனையால் வருவது. அன்றியும், அம்மதிப்பைச் சுமக்கும் பொறுப்பு எப்பொழுதும் மாணவியரின் தோளிலேயே கூடுதலாக வைக்கப்படுகின்றது. ஆணின் வேட்டி விழாக்களுக்கு உரியதாகிவிட்டது; அதனை எவரும் வாரந்தோறும் கேட்பதில்லை. பெண்ணின் சேலையே பண்பாட்டின் அளவுகோலாக எஞ்சியுள்ளது.

'அடக்கமான உடை பெண்ணுக்குப் பாதுகாப்பு' என்னும் கூற்றும் இவ்விடத்து எழுவதுண்டு. 2015 மே மாதத்தில் புங்குடுதீவில் பாடசாலைக்குச் சென்றுகொண்டிருந்த உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் கடத்தப்பட்டுக் கொலையுண்டார். வடமாகாணம் முழுவதும் மாணவர் வீதிக்கு இறங்கினர். 2017 செப்டெம்பரில் எழுவர்க்கு மரணதண்டனை தீர்க்கப்பட்டது. பாடசாலைச் சீருடையைவிட அடக்கமான உடை வேறென்ன உண்டு? உடையைக் காவலாகக் கருதுவோர் குற்றத்தின் பொறுப்பைக் குற்றவாளியிடமிருந்து பெயர்த்து, நடந்து செல்பவள்மீது வைக்கின்றனர். அவ்வொழுங்கை அதனைப் பொய்யென்று காட்டிவிட்டது. இதற்குமேல் இவ்வாதம் பற்றிக் கூறவேண்டியதில்லை.

எனினும் கட்டுப்பாடு மேலிருந்து மட்டும் வருவதன்று. புதுமுக மாணவர் எந்த நிறச் சட்டை போடவேண்டும், எவ்வகைப் பாவாடை கட்டவேண்டும், எந்தச் செருப்பைத் தவிர்க்கவேண்டும் என்று மூத்த மாணவர் விதிக்கும் வழக்கம் இலங்கைப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. பீடத்தின் அறிவித்தலைக் கண்டித்துச் சுதந்திரம் பேசும் அதே மாணவர், தம் இளையோர்க்கு உடைப்பட்டியல் வழங்குவாராயின், அவர் எதிர்ப்பது அடக்குமுறையை அன்று. அது தம் கையில் இல்லாமையையே.

மூன்றாவது ஆணை சந்தையிலிருந்து வருவது. யாழ்ப்பாண நவீன சந்தைக் கடைகளில் தொங்கும் புதுமோஸ்தர்கள் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை போலத் தோன்றினும், 'இது பழசு' என்ற ஒரு சொல்லால் அவை சாதிப்பது மிகுதி. தீவகத்துக்கு இதில் இன்னொரு பரிமாணமும் உண்டு. 1991இன் இடப்பெயர்வால் வெறுமையுற்ற ஊரைச் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' தொகுதியில் பாடினார். அவ்வாறு சிதறிய குடும்பங்கள் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வேரூன்றின. அங்கிருந்து வரும் பொதிகளில் அன்பும் உண்டு. தடித்த டெனிமும் கம்பளி மேலங்கியும் உண்டு. ஜீன்ஸ் என்பது 1873இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற, கடும் உழைப்பாளர்க்காகச் செப்பாணி அறைந்து தைத்த காற்சட்டை. உறுதி அதன் சிறப்பு. அதனை ஒழுக்கக்கேட்டின் சின்னமாக்குதல் வரலாறு அறியாமை. அதேவேளை, சித்திரை வெயிலில் உலர நேரமெடுக்கும் அத்தடித்த துணியை 'ஸ்டைல்' என்பதற்காக மட்டும் சுமத்தலும் தன்னுடலை மறந்த செயலே. உடலைக் கேளாமல் கட்டளையைக் கேட்பதில், பீடத்தின் அறிவித்தலுக்குப் பணிவதும் கடைக் கண்ணாடிக்குப் பணிவதும் ஒன்றே.

அவ்வாறாயின் அழகு யாது? இலக்கிய விமர்சனத்தில் உருவம், உள்ளடக்கம் என்னும் இரண்டையும் பிரித்து நோக்கும் வழக்கத்தின் குறைபாடு பலகாலும் பேசப்பட்டுள்ளது. உடைக்கும் அது பொருந்தும். வசதி உள்ளடக்கம், அழகு உருவம் என்று கூறிட்டால் இரண்டும் கெடும். அளவாகத் தைத்த சாதாரண வொயில் துணிச் சட்டை, அளவில்லாத விலையுயர்ந்த சட்டையிலும் அழகானது. தோள் பொருந்தி, கை தடையின்றி உயர்ந்து, நடைக்கு இடந்தரும் உடையில் ஒருவர் நிமிர்ந்து நடக்கின்றார். அந்நிமிர்வே பார்ப்போர்க்கு அழகாகத் தெரிகின்றது. 'பஞ்சாபி' என வழங்கும் உடை ஒரு தலைமுறைக்குள் மாணவியரிடையே பரவியமைக்கு எந்தச் சுற்றறிக்கையும் காரணமன்று; சைக்கிளில் ஏற முடிந்தது, பேருந்தில் நிற்க முடிந்தது, துப்பட்டாவின் நிறத்தை மாற்றி இரு உடைகளை நான்காக்கவும் முடிந்தது. வாழ்க்கையே அங்கு தேர்ந்தெடுத்தது. உவர்நீரில் வெள்ளையைத் தவிர்த்து இளஞ்சாம்பலையோ மண்ணிறத்தையோ எடுப்பதும், மினுக்காமலே படியும் கலப்புத் துணியை நாடுவதும், ஒரு நல்ல தையற்காரரை மூன்று மலிவான சட்டைகளிலும் மேலாக மதிப்பதும் இத்தகைய அறிவே. அது வறுமையின் சமாதானமன்று, ஒரு ரசனை.

2022இன் பொருளாதார நெருக்கடியில், அரச அலுவலர் பொருத்தமான இலகு உடையிற் பணிக்கு வரலாம் எனச் சுற்றறிக்கை வெளிவந்தது. அலுவலகங்கள் அதனால் மதிப்பிழந்துவிடவில்லை. ஆனால் அவ்வாண்டிலேயே, சேலைக்குப் பதிலாக வேறு உடையில் பாடசாலைக்குச் சென்ற ஆசிரியைகள் சிலர் கண்டனத்துக்கு உள்ளாயினர். சமூகம் பெண்ணுடையில் எவ்வளவு மெதுவாக நெகிழ்கின்றது என்பதற்கு இது சான்று.

சேலை வேண்டாம் என்பது இதன் முடிபன்று. பட்டமளிப்பு நாளில் தன் தாயின் கூறைச்சேலையை உடுத்தி அரங்கின் படியேறும் மாணவி அதனைத் தானே தேர்ந்தவள். அச்சேலைக்கு இணையான அழகு வேறில்லை. அவளே மறுநாள் சாதாரண உடுப்பில் சைக்கிளை மிதித்துப் பாலத்தைக் கடப்பாள். இரண்டும் அவளுடைய உடைகளே. பல்கலைக்கழகம் செய்யக்கூடியது, உடுப்பைப் பட்டியலிடுதலன்று. தூரத்திலிருந்து வருவோர்க்கு உடைமாற்ற ஓர் அறையும், விடுதியில் தோய்க்க நன்னீரும், உலர்த்தக் கொடியும் அமைத்துத் தருதல். கசக்கிக் கட்டுவதற்கு வேண்டியவை கிடைத்தபின், எதனைக் கட்டுவது என்பதை மாணவர் தாமே அறிவர்.