வேலைக்குப் போனால் குணமாகிவிட்டதா?

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) பணக்கார நாடுகளைவிட நம்மைப் போன்ற நாடுகளில் நன்றாகத் தேறுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த கதை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1960களின் கடைசியில் ஒன்பது நாடுகளில் தொடங்கிய ஆய்விலிருந்து கிளம்பியது. இந்தியாவுக்கு ஆக்ராதான் மையம். அடுத்த ஆய்வில் சண்டிகரும் சேர்ந்தது. இரண்டிலும் நம்மவர்கள் நிலை மேலாக இருந்தது. ஏன் என்பதற்குக் கூட்டுக்குடும்பம், கிராமத்து அரவணைப்பு என்று விளக்கம் சொன்னார்கள். படிக்கும்போது நமக்கும் கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு.

ஆனால் 'தேறிவிட்டார்' என்பதை எதை வைத்து அளக்கிறோம்? இந்த மாதிரி ஆய்வுகளில் அடிக்கடி வரும் இரண்டு கேள்விகள்: வேலை பார்க்கிறாரா, கல்யாணம் ஆகியிருக்கிறதா.

வடுகபட்டியில் பூண்டு மண்டி இருக்கு. தாள் அறுக்க, பெருசு சிறுசு பிரிக்க ஒருத்தர் உட்கார்ந்தால், அவர் தனக்குள் பேசிக்கொண்டிருந்தாலும் யாரும் பெரிதாகக் கேட்கப்போவதில்லை. நாலு நாள் வந்து மூணு நாள் வராவிட்டால் அந்த மூணு நாள் கூலி கிடையாது, அவ்வளவுதான். அதே நோயோடு ஆபீஸ் வேலையில் இருப்பவருக்கு வேலையே போயிடும். படிவத்தில் முதல் ஆள் 'வேலையில் இருப்பவர்', அடுத்தவர் 'இல்லாதவர்'. நோய் ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான். உட்கார ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயம்னு சொல்லலை. ஆனால் அந்தப் பதிலில் தெரிவது பாதி மண்டியின் குணம்.

கல்யாணக் கணக்கு இன்னும் மோசம். "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிரும்"னு கட்டி வைக்கிற ஊர் இது. சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆர். தாராவும் சக ஆய்வாளர்களும் 2003இல், நோயால் மணவாழ்க்கை முறிந்த பெண்களைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலும் முறைப்படி விவாகரத்து இல்லை, ஜீவனாம்சம் இல்லை. பெண் பிறந்த வீட்டில். வயதான பெற்றோருக்கு 'எங்களுக்கப்புறம்?' என்ற கவலை. இந்தப் பெண்ணுக்கும் 'மணமானவர்' என்று டிக் அடிக்க முடியும்!

இதே தாராவின் சென்னை நீண்டகால ஆய்வை நான் மதிக்கிறேன். 1981இல் முதல்முறை நோய் கண்ட 90 பேரோடு தொடங்கி, 20 வருஷம் கழித்து 61 பேரைத் தேடிப் பிடித்தார்கள். நம்ம ஊரில் இது லேசுப்பட்ட காரியமில்லை. பலருக்கு நோய் வருவதும் தணிவதுமாக இருந்தது, கணிசமானவர்கள் நன்றாகவும் இருந்தார்கள். ஆனால் மீதிப் பேரில் இறந்தவர்கள் உண்டு, தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. 'தேறியவர்கள்' விழுக்காட்டை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2008இல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் படேல், ஓயே குரேஜே ஆகியோரோடு தாராவும் சேர்ந்து, 11 நாடுகளின் 23 ஆய்வுகளை அலசி, அந்தப் பழைய முடிவை அப்படியே ஏற்க முடியாது என்றார்கள். உள்ளே இருந்தவரே கேள்வி கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் மேடைப்பேச்சில் 'நம்ம குடும்பம் பாத்துக்கும்' தொடர்கிறது. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியோடு தீயில் கருகிய 28 பேருக்கும் குடும்பம் இருந்திருக்குமே.

'குடும்பம்' என்று எழுதுகிறோம். நான் பார்த்த வீடுகளில் அது ஒரு அம்மா. அடுத்து யாராவது படிவம் தயாரித்தால் இன்னும் இரண்டு கேள்வி சேர்க்கட்டும்: மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார், அவங்களுக்கு இப்ப என்ன வயசு.