புகழுரையும் வாழ்க்கைப் பதிவும்: யாழ்ப்பாணப் பாடசாலைகளின் நினைவேந்தல் மரபு பற்றிய ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசிரியர் இறந்தால் அவர் கற்பித்த பாடசாலை அவரைப் பல வழிகளில் நினைவுகூர்கிறது. காலைக் கூட்டத்தில் மாணவர் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவதும், அதிபரும் ஆசிரியர் குழாமும் அச்சிட்ட அஞ்சலிப் பிரசுரம் மரண வீட்டில் வழங்கப்படுவதும், முப்பத்தோராம் நாளில் குடும்பத்தார் வெளியிடும் நினைவு மலரில் பாடசாலையின் இரங்கலுரை இடம்பெறுவதும், பின்னர் பரிசளிப்பு விழாவில் அவர் பெயரால் ஞாபகார்த்தப் பரிசு ஒன்று நிறுவப்படுவதும் அவற்றுள் முதன்மையானவை. இவை வெவ்வேறு தேவைகளை நிறைவு செய்பவை எனினும், இறந்தவர் வாழ்ந்த வாழ்வில் எவ்வளவு இவற்றின் வழியே எஞ்சுகிறது என்னும் ஒரே வினாவால் அளக்கத்தக்கவை. மௌன அஞ்சலியும் பிரசுரமும் துயரின் முதல் நாள்களுக்கு உரியவை. அவற்றிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது முறையன்று. நீண்டகால நினைவைத் தம் பொறுப்பாக ஏற்பவை நினைவு மலரும் ஞாபகார்த்தப் பரிசுமே ஆதலால், மதிப்பீட்டுக்கு உரியவையும் அவையே.

நினைவு மலரின் முன்னோடி, கல்வெட்டு என யாழ்ப்பாண வழக்கில் அழைக்கப்படும் செய்யுள் நூலாகும். இறந்தவர்மீது பாடப்பெற்று, முப்பத்தோராம் நாள் நிகழும் அந்தியேட்டி என்னும் சைவக் கிரியையை ஒட்டிப் படிக்கப்படும் பாடற்றொகுதி அது. கடவுள் வணக்கத்தில் தொடங்கி, ஊரின் வளத்தையும் குடியின் சிறப்பையும் கூறி, இறந்தவரின் வாழ்வைச் சுருங்கச் சொல்லி, இறந்த திதியைக் குறிக்கும் திதி வெண்பாவை அமைத்து, மனைவி, மக்கள், மருமக்கள், உடன்பிறந்தார் என ஒவ்வொருவர் வாயிலாகவும் புலம்பலைப் பாடி முடிப்பது அதன் பொது அமைப்பு. காலப்போக்கில் செய்யுளின் இடத்தை உரைநடை பெரிதும் பிடித்துக்கொண்டது. நிழற்படமும் வம்சாவளி அட்டவணையும் சேர்ந்தன. தேவார திருவாசகங்களின் தொகுப்பு மலரின் பெரும்பகுதியாயிற்று. ஆயினும் ஊர், குடி, வாழ்வு, புலம்பல் என்ற பழைய ஒழுங்கு இன்றைய மலரிலும் மறைந்துவிடவில்லை.

ஆசிரியர் ஒருவருக்கு வெளியிடப்படும் மலரை விரித்துப் பார்த்தால் இது விளங்கும். முதற்பக்கத்தில் மாலையிட்ட படமும், தோற்றம், மறைவு என இரு நாள்களும் இருக்கும். அடுத்து வரும் வாழ்க்கை வரலாறு பிறந்த ஊர், பெற்றோர், கற்ற பாடசாலை, கோப்பாயிலோ பலாலியிலோ பெற்ற ஆசிரியப் பயிற்சி, முதல் நியமனம், இடமாற்றங்கள், ஓய்வு என்ற வரிசையில் மூன்று நான்கு பக்கங்கள் செல்லும். பிறகு மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஆகியோரின் உள்ளக்கிடக்கைகளும், அதிபர், பழைய மாணவர் சங்கத் தலைவர், ஆலய பரிபாலன சபைத் தலைவர் ஆகியோரின் இரங்கலுரைகளும் தொடரும். பஞ்சபுராணமும் சிவபுராணமும் கந்தர் சட்டி கவசமும் அடுத்து வர, வம்சாவளியும் நன்றி நவிலலும் மலரை நிறைவு செய்யும்.

இம்மரபின் முதற்பெருஞ் சிறப்பு, அது தன்னை அறியாமலே ஒரு வரலாற்று ஆவணமாகிவிடுவதாகும். 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. 1995 ஒக்டோபர் 30 இல் தொடங்கிய வலிகாமம் இடப்பெயர்வின்போது மக்களோடு பாடசாலைகளும் இடம்பெயர நேர்ந்தது. போர்க்காலத்தில் பாடசாலைகள் பல தம் வரவு இடாப்புகளையும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களையும் இழந்தன. நிறுவனத்தின் ஏடுகள் இவ்வாறு அழிந்த இடத்தில், வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டு அலமாரியிலும் சுவாமி அறையிலும் சிதறிக் கிடந்த நினைவு மலர்கள் பல தப்பிப் பிழைத்தன. எந்த ஆண்டில் எந்தப் பாடசாலையில் யார் அதிபராயிருந்தார், மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கச் சென்றவர்களின் பிள்ளைகள் எங்குக் கற்றார்கள், 1960 ஆம் ஆண்டையொட்டி உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபின் ஆசிரியரின் பணிவாழ்வு எவ்வாறு மாறியது என்பன போன்ற செய்திகளை இன்று ஆய்வாளர் மலர்களிலிருந்து திரட்ட இயலுகிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் நினைவு மலர்களுக்கெனத் தனி வகைப்பாடு வைத்து அவற்றைச் சேகரித்து வருவது இம்மதிப்பை உணர்ந்த செயலேயாகும்.

இரண்டாவது சிறப்பு, மலர் காலக்கெடு உடையது என்பது. பாடசாலையின் நூற்றாண்டு மலரோ ஆண்டு மலரோ பணமும் பொறுப்பாளரும் வாய்க்கும்வரை தள்ளிப்போகும், அந்தியேட்டி தள்ளிப்போகாது. முப்பது நாள்களுக்குள் ஒருவர் வாழ்வு எழுதப்பட்டே ஆகவேண்டும் என்ற சடங்கின் கட்டாயம், வேறெந்த நிலையிலும் எழுத முன்வராத உறவினரையும் மாணவரையும் எழுத வைக்கிறது. எழுத்து வழக்கம் குறைந்த குடும்பங்களிலும் ஓர் அச்சு நூல் தோன்றுவதற்கு இக்கட்டாயமே காரணமாகிறது.

ஆனால் இதே கட்டாயம் குறைபாட்டுக்கும் வித்தாகிறது. துயரின் நடுவே அவசரமாக எழுதப்படும் வரலாறு ஆயத்தமாக உள்ள சொற்களையே நாடும். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு தவறாதவர், மாணவரைத் தம் பிள்ளைகள்போல் நேசித்தவர், கண்டிப்பும் கனிவும் ஒருங்கே உடையவர் என்ற தொடர்கள் மலருக்கு மலர் பெயர்ந்து செல்கின்றன. பெயரை நீக்கிவிட்டுப் படித்தால் கணித ஆசிரியர் யார், சங்கீத ஆசிரியை யார் என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு இரங்கலுரைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பது வாசிப்போர் அறிந்ததே. இறந்தவரைப் பழித்துரைக்கலாகாது என்ற பண்பு மதிக்கத்தக்கது. எனினும் பழியின்மை வேறு, தனித்தன்மையின்மை வேறு. அவர் பின்னங்களை எவ்வாறு விளங்கவைத்தார், எந்த நூலைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினார், மந்தமான மாணவனை எங்கு அமர்த்தினார், பிரம்பைக் கையில் எடுத்தாரா என்பன போன்ற செய்திகள் பழியுமல்ல, புகழுமல்ல, அவையே வாழ்க்கை. மலர்களில் அருகிக் காணப்படுவதும் அவையே.

இவ்வறுமைக்கு எழுதுவோரின் திறமைக்குறைவு மட்டும் காரணமன்று. மலரின் உரிமையாளர் யார் என்பதே அடிப்படைக் காரணம். அச்சுச் செலவை ஏற்பதும், எழுதுவோரைத் தெரிவதும், பக்கங்களைப் பங்கிடுவதும் குடும்பமாதலால், முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறையில் நின்றவரின் மலரிலும் வகுப்பறை பின்னணியாகவே அமைகிறது. அவரிடம் ஆண்டுதோறும் கற்றவர்களின் குரல், பதவி வகிப்போர் ஓரிருவரின் உரையாகச் சுருங்கிவிடுகிறது. பரீட்சையில் தவறி, கமத்துக்கோ கடலுக்கோ சென்ற மாணவர் ஆசிரியரைப் பற்றி அறிந்திருந்தது, மருத்துவரும் பொறியியலாளருமாகிய மாணவர் அறிந்திருந்ததினின்று வேறுபட்டிருக்கக்கூடும். ஆனால் மலரில் எழுத அழைக்கப்படுவோர் பெரும்பாலும் பின்னவரே.

குடும்பமே உரிமையாளர் என்பதன் மற்றொரு விளைவு, யார் நினைக்கப்படுவார் என்பதைப் பொருள் வசதி தீர்மானிப்பதாகும். அதிபருக்கு மலர் உண்டு; நாற்பது ஆண்டுகள் மணியடித்து, கதவு திறந்து, தண்ணீர் நிரப்பிய சிற்றூழியருக்கு அது அமைவது அரிது. இதனுள் சாதியும் கலந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றவரோடு சமமாக இருக்கையில் அமர்வதற்கே 1920களின் இறுதியில் போராட வேண்டியிருந்தது. சம ஆசனத்தை எதிர்த்துப் பாடசாலைகளுக்குத் தீ வைக்கப்பட்டதும் வரலாறு. குடிச் சிறப்பைப் பாடுவதைத் தன் உறுப்புகளில் ஒன்றாகக் கொண்ட ஒரு நூல்வகை, நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளையின் பாடசாலை அனுபவத்துக்கு இடந்தராதது வியப்பன்று. மலர்களை மட்டும் சான்றாகக் கொண்டு ஒரு பாடசாலையின் வரலாற்றை எழுதுவோர் இவ்விடுபாட்டைக் கணக்கில் எடுக்காவிடின், வசதியுடையோரின் வம்சாவளியையே பாடசாலையின் வரலாறாகக் கொள்ளும் பிழைக்கு ஆளாவர்.

முதுமையில் நிறைவாழ்வு வாழ்ந்து இறந்தவருக்கென வடிவமைந்த மலர், வன்முறையில் இறந்தோரையும் சிறுவரையும் ஏற்க இடர்ப்படுகிறது. பரி. யோவான் கல்லூரி அதிபராயிருந்த சி. ஈ. ஆனந்தராஜன் 1985 ஜூன் 26 ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின்மீது 1995 செப்டெம்பர் 22 இல் விமானக் குண்டுவீச்சு நிகழ்ந்து மாணவர் பலர் மாண்டனர். இத்தகைய இறப்புகளைத் தோற்றம், மறைவு என்ற இரு சொற்களுக்குள் அடக்கிவிட இயலாது. பத்து வயதில் இறந்த பிள்ளைக்கு நியமனமும் இல்லை, இடமாற்றமும் இல்லை. மலரின் வரலாற்றுச் சட்டகம் அங்கு வெறுமையாகிவிடுகிறது. நாகர்கோவில் மாணவர் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றனர். ஆனால் கூட்டு நினைவில் ஒவ்வொரு பிள்ளையும் பெயராகவும் எண்ணாகவும் ஒடுங்கும் இடர் எப்போதும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் நிலை இன்னும் கடினமானது. இறப்பை ஏற்காத குடும்பத்துக்கு அந்தியேட்டியும் இல்லை, ஆகவே மலரும் இல்லை. பொது நினைவுச் சின்னத்துக்கும் பாதுகாப்பு உறுதியில்லை என்பதை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி 2021 ஜனவரி 8 ஆம் நாள் இரவில் இடிக்கப்பட்டு, அவ்வாண்டு ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்ட நிகழ்வு காட்டிற்று.

ஞாபகார்த்தப் பரிசு வேறொரு தர்க்கத்தில் இயங்குகிறது. குடும்பமோ பழைய மாணவரோ ஒரு தொகையை நிலையான வைப்பில் இட, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு பாடத்தில் முதலிடம் பெறுபவருக்கு நூலோ பதக்கமோ பணமோ வழங்கப்படும். இறந்தவரின் பெயர் ஆண்டுக்கு ஒரு முறையாவது மண்டபத்தில் உரத்து வாசிக்கப்படுவதும், அவரை அறியாத பிள்ளையின் கையில் அவர் பெயரால் ஒரு பொருள் சேர்வதும் மலரால் செய்ய இயலாத நற்செயல்கள். ஆயினும் பெயருக்கு அப்பால் எதுவும் கடத்தப்படுவதில்லை. பத்தாண்டு கழித்துப் பரிசு பெறும் மாணவி, அப்பெயருக்கு உரியவர் ஆசிரியரா, நன்கொடையாளரா, இளமையில் இறந்த மாணவரா என்பதை அறியாமலே மேடையைவிட்டு இறங்குகிறாள். பின்தங்கிய மாணவருக்காக உழைத்த ஆசிரியரின் நினைவும் முதல் மாணவருக்கே பரிசாவதில் ஒரு முரண் உள்ளது. பணவீக்கம் இதைவிட இரக்கமற்றது. 10,000 ரூபா வைப்புக்கு 10 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 1,000 ரூபா கிடைக்கும். 2022 செப்டெம்பரில் இலங்கையின் ஆண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எட்டியபோது, அத்தகைய வைப்புகள் தாங்கிநின்ற நினைவின் விலையும் விரைந்து சரிந்தது.

வேறு வழி உண்டா என்பதற்குத் தென்கொரியாவின் எடுத்துக்காட்டு ஒன்று பயன்படும். 2014 ஏப்ரல் 16 இல் செவோல் என்ற கப்பல் கவிழ்ந்து 304 பேர் இறந்தனர். அவர்களுள் 250 பேர் ஆன்சான் நகரின் டான்வோன் உயர்நிலைப் பள்ளி மாணவர். அவர்கள் அமர்ந்த வகுப்பறைகளைப் பாதுகாக்கும் முயற்சி, பயிலும் மாணவருக்கு இடம் வேண்டும் என்ற நியாயமான எதிர்ப்பைச் சந்தித்தது; 2016 இல் மேசை நாற்காலிகள் பள்ளிக்கு வெளியே மாற்றப்பட்டன. ஆனால் அதே ஆண்டில் வெளிவந்த 12 தொகுதிகள் கொண்ட குறுவரலாற்று நூல்வரிசை அத்தகைய முட்டுப்பாட்டுக்கு உள்ளாக வேண்டியிருக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர் பெற்றோரையும் நண்பரையும் கண்டு பேசி, இறந்த மாணவர், ஆசிரியருள் பெரும்பாலோருக்குத் தனித்தனி வரலாறு எழுதினர். கல்வி அலுவலகம் பொறுப்பேற்றதால் எந்தக் குடும்பமும் செலவைச் சுமக்கவில்லை. புகழும் பதவியும் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு இல்லாமையால், அவர்களின் விருப்பும் பிடிவாதமும் கனவுமே எழுத்துக்குப் பொருளாயின. குறுகிய வாழ்வையும் எழுதலாம் என்பதை அம்முயற்சி நிறுவிற்று.

இதுபோல் யாழ்ப்பாணத்திலும் பாடசாலையே எழுதலாம் என்பதை மறுப்போர் இரண்டு நியாயங்களைக் கூறக்கூடும். துயர் குடும்பத்தின் உரிமை, அதில் நிறுவனம் தலையிடலாகாது என்பது ஒன்று. நிறுவனம் எழுதினால் அது தன் பெருமையையே எழுதும் என்பது மற்றொன்று. முதலாவது நியாயம் குடும்பத்தின் இசைவைக் கட்டாயமாக்குகிறது, எழுத்தைத் தடைசெய்யவில்லை. இரண்டாவது கூடுதலான வலுவுடையது. அரச பாடசாலை அதிபர் அரசியல் வன்முறையால் நிகழ்ந்த இறப்பை வெளிப்படையாக எழுதுவதற்கு அஞ்சக் காரணம் உண்டு. எனவே பொறுப்பு அதிபரிடம் மட்டும் குவியாமல், புலம்பெயர் நாடுகளிலும் கிளை பரப்பிய பழைய மாணவர் சங்கங்களோடு பகிரப்படுவதே தக்கது.

ஆக, நினைவு மலர் கைவிடத்தக்க மரபன்று. ஒருவர் வாழ்வு எழுதப்படவேண்டும் என்று கேட்கும் ஒரே வடிவம் அதுவே. அதன் குறை, எழுதும் கடமை முழுவதும் துயருறும் வீட்டின்மீதும் முப்பது நாள்களின்மீதும் சுமத்தப்பட்டிருப்பதாகும். அதிபர் முதல் சிற்றூழியர் வரை, பேராசிரியரான பழைய மாணவர் முதல் ஐந்தாம் தரத்தில் இறந்த பிள்ளை வரை, ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு பக்கத்தை ஒதுக்கும் நினைவேடு ஒன்றைப் பாடசாலைதோறும் தொடங்கலாம். ஓய்வுபெறும் ஆசிரியரிடம் அவர் வாழும்போதே மாணவரைக் கொண்டு நேர்காணல் எடுத்து வைக்கலாம். ஞாபகார்த்தப் பரிசோடு அப்பெயருக்கு உரியவரின் வரலாற்றை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கலாம். வெளிவரும் மலர் ஒவ்வொன்றிலும் ஒரு படியைப் பாடசாலை நூலகத்துக்கும் எண்ணிம நூலகத்துக்கும் அனுப்பலாம். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஆசிரியரிடம் கற்றவர்கள் உயிரோடிருக்கும் காலத்துக்குள் அதிபர்களும் பழைய மாணவர் சங்கங்களும் இதனைத் தொடங்குவது அவர்களின் கடமை.