சட்டமும் வர்க்கமும்: ஈ. பி. தாம்சனின் நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

குற்றம் யாது என்னும் வினாவிற்குத் திருச்சபை பெரும்பாலும் தனிமனிதனின் உள்ளத்திலேயே விடை தேடி வந்துள்ளது. மார்க்சியமோ வினாவையே மாற்றி எழுப்புகிறது. ஒரு செயலைக் குற்றமென்று அறிவிக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது? அவ்வறிவிப்பால் பயனடைவோர் யாவர்? காட்டில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதும் திருட்டே என ரைன் மாநில மன்றத்தில் வாதிக்கப்பட்டதைக் கண்டித்து, 1842-இல் இளைஞர் மார்க்ஸ் எழுதிய கட்டுரைகளிலேயே இவ்வினாக்களின் வித்தைக் காண்கிறோம். அறுவடை வயலின் ஓரத்தையும் சிந்திய கதிரையும் எளியவனுக்கு உரியதாக்கிய லேவியராகமம் 19-ஐ அறிந்த நமக்கு இவ்வாதம் அந்நியமானதன்று.

பின்வந்தோர் இவ்வித்தைப் பலவாறு வளர்த்தனர். டச்சு அறிஞர் போங்கர் 1905-இல், முதலாளித்துவம் மனிதனின் சமூக உணர்வை அழித்துத் தன்னலத்தை வளர்ப்பதே குற்றத்தின் வேர் என்றார். 1973-இல் டெய்லர், வால்ட்டன், யங் ஆகியோர் எழுதிய 'புதிய குற்றவியல்', போங்கரின் நோக்கு மனிதனைச் சூழ்நிலையின் பொம்மையாக்குகிறது எனக் குறைகண்டு, குற்றமென வகுக்கும் அதிகாரத்தையே ஆய்வுப் பொருளாக்கியது. எனினும் இம்மரபின் எளிய வடிவம், சட்டம் ஆளும் வர்க்கத்தின் கையிலுள்ள சாட்டையேயன்றி வேறன்று என்பதாகும்.

இவ்வெளிய முடிவை உள்ளிருந்தே மறுத்தவர் ஈ. பி. தாம்சன். இவர் வங்காளத்துப் பாங்குராவில் வெஸ்லியன் மிஷனரியாகப் பணியாற்றிய எட்வர்டு தாம்சனின் மகன். 1975-இல் வெளிவந்த இவரது 'விக்ஸ் அண்டு ஹன்ட்டர்ஸ்' என்னும் நூல், இங்கிலாந்தின் 1723-ஆம் ஆண்டுக் கறுப்புச் சட்டத்தை ஆராய்கிறது. முகத்தில் கரிபூசி ஆயுதத்துடன் மான் வேட்டையாடுதல், மரக்கன்றுகளை வெட்டுதல், மீன்குளத்துக் கரையை உடைத்தல் முதலிய ஏறத்தாழ 50 குற்றங்களுக்கு அச்சட்டம் மரணதண்டனை விதித்தது. காட்டோரக் குடியானவர்களின் வழக்காற்று உரிமைகளுக்கும் புதிய சொத்துரிமைக்கும் இடையே மூண்ட போராட்டமே இதன் பின்னணி என்று தாம்சன் நிறுவுகிறார். தாக்குதலுக்கு உள்ளான இடங்களுள் விஞ்செஸ்டர் பேராயருக்குரிய வால்தம் வேட்டைக்காடும் ஒன்று என்பதை நாம் கவனியாது விடலாகாது.

ஆயினும் நூலின் முடிவுரை பல மார்க்சியரை வியப்புறச் செய்தது. சட்டம் வெளிப்படையாகவே ஒருதலைப்பட்சமாயிருப்பின், எவரும் அதனை நீதியென்று ஏற்கமாட்டார். எனவே ஆளுவோரும் அச்சட்டத்திற்குச் சிலவேளைகளிலேனும் கட்டுப்பட வேண்டியதாகிறது; அதிகாரத்திற்கு அவ்வாறு எல்லையிடும் சட்டத்தின் ஆட்சி மனிதகுலத்திற்கு நன்மையே என்கிறார் தாம்சன்.

இம்முடிவை நாம் ஏற்கிறோம். 1 இராஜாக்கள் 21-இல் ஆகாப் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை நேரடியாகப் பறித்துக்கொள்ள இயலவில்லை. யேசபேல் மூப்பரைக் கூட்டி, இரு சாட்சிகளை நிறுத்தி, வழக்கின் வடிவத்திலேயே கொலையை நிகழ்த்தினாள். சட்டம் ஒடுக்குமுறையின் கருவியானதும் உண்மை. அரசனையும் தடுத்து நிறுத்தியதும் உண்மை. எலியாவின் கண்டனமும் அக்கட்டளையின் மேலேயே நிற்கிறது.

இம்மரபில் இரு குறைகளையும் சுட்டவேண்டும். ஏழையின் பொருளைத் திருடுபவன் பெரும்பாலும் மற்றோர் ஏழையே. அவனால் துன்புறுவோரை மார்க்சியக் குற்றவியல் நெடுநாள் மறந்திருந்ததை 1984-இல் லீயும் யங்கும் தாமே எடுத்துக்காட்டினர். மேலும், தனியுடைமை ஒழியின் குற்றமும் ஒழியும் என்ற நம்பிக்கையைச் சோவியத் உழைப்பு முகாம்கள் பொய்ப்பித்தன. பாவம் சொத்தில் மட்டுமன்று, அதிகாரத்திலும் குடியிருக்கிறது.

அவ்வதிகாரத்தில் திருச்சபைக்கும் பங்குண்டு. குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. அதன்கீழ்ப் பதிவு செய்துகொள்ள மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர் பலர் 1920-இல் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையாயினர். அதே சட்டத்தின்கீழ் ஸ்டூவர்ட்டுபுரம் முதலிய குடியிருப்புகளை நிருவகிக்கும் பொறுப்பை இரட்சணிய சேனை ஏற்றது. அங்கே ஆற்றப்பட்ட தொண்டை நாம் மறுக்கவில்லை. ஆனால் 'இச்சட்டம் நீதியானதா?' என்ற வினாவிற்குத் தொண்டு விடையாகாது.

ஆகவே ரோமர் 13-ஐப் பிரசங்கிக்கும் ஆயர், நாபோத்தின் வழக்கையும் அதனருகே வைத்து வாசிக்கக் கடமைப்பட்டவர். சிறையிலிருப்பவனைச் சந்திக்கச் செல்கையில் அவன் செய்த பாவத்தைக் குறித்து மட்டுமல்ல, எச்சட்டம், எவரால், எவர் பொருட்டு அவனை அங்கு அடைத்தது என்பதையும் கேட்டறிவது நம் ஊழியத்தின் பகுதியாகும்.