காலதரும் குளிரூட்டியும்

தமிழில் சன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் இச்சொல் ஆளப்பட்டிருத்தலை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். பின்னாளில் போர்த்துக்கீசிய மொழியினின்று வந்த சன்னல் என்னும் சொல்லே வழக்கில் நிலைத்துவிட்டது. ஒரு பொருளின் தொழிலை ஒளியாது உரைப்பதே நற்பெயராகும். இவ்வளவுகோலைக் கொண்டு குளிரூட்டி என்னும் பெயரையும், அக்கருவியை ஆளும் அரசு விதிகளையும் ஆராய்தல் தகும். அதற்கு ஏற்ற இடம் சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரம்.

அங்குள்ள பழைய கடைவீடுகளின் முன்னே கூரையிட்ட நடைவழி ஒன்று தொடர்ந்து செல்லும். மலாய் மொழியில் காக்கி லீமா எனவும், நம்மவர் வழக்கில் அஞ்சடி எனவும் அது பெயர் பெறும். இது கட்டடக் கலைஞரின் விருப்பத்தால் வந்ததன்று. அரசு ஆணையால் வந்தது. 1822-ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் நகரக் குழுவினருக்கு விடுத்த அறிவுறுத்தலில், வீடுதோறும் முன்புறம் குறித்த அகலத்தில் தாழ்வாரம் விடவேண்டும், அது தெருவின் இருபுறமும் தடையின்றித் தொடரவேண்டும் என்று விதித்தார். வீடு கட்டியவனுக்கு நிழல் தந்த அவ்விதி, வீடே இல்லாத வழிப்போக்கனுக்கும் நிழல் தந்தது.

விதி இருந்தமையால் மட்டும் பயன் விளைந்துவிடவில்லை. கடைக்காரர்கள் தாழ்வாரத்தில் சரக்குகளை அடுக்கினர். அவற்றை அகற்ற முனைந்தபோது 1888-இல் நகரில் கலகமே மூண்டது. கடைவீடுகளின் உட்புறமோ நீண்டு இருண்டு கிடந்தது. காற்றும் ஒளியும் அற்ற அறைகளில் மக்கள் நெருக்குண்டு வாழ்ந்ததைப் பேராசிரியர் சிம்சன் 1907-இல் தம் அறிக்கையில் எடுத்துரைத்து, பின்புறச் சந்துகள் திறக்கப்பட வேண்டும் என்றார். ஆகவே அக்காலத்து விதிகளில் குறை பல இருப்பினும், அவை நோக்கியது காற்றின் வழியை. அவை காலதர் விதிகள் எனலாம்.

இனி, இக்கால விதிகளைக் காண்போம். 2008 முதல் சிங்கப்பூரில் விற்கப்படும் வீட்டுக் குளிரூட்டிகளில் எரிசக்திச் சீட்டு ஒட்டப்படல் வேண்டும். நாம் விடைத்தாளில் இடும் சரிக்குறிபோல அதில் குறிகள் இருக்கும். குறிகள் மிகுந்தால் மின்செலவு குறையும். 2011-இல் குறைந்தபட்சத் திறன் அளவும் விதிக்கப்பட்டது. அவ்வளவை எட்டாத கருவியை விற்றலாகாது.

இவ்விரண்டில் பின்னதே சிறந்தது என்பது எம் கருத்து. வாடகை வீட்டில் கருவியை வாங்குபவர் வீட்டுக்காரர். மின்கட்டணம் செலுத்துபவரோ குடியிருப்பவர். வாங்குபவர் விலையைப் பார்ப்பாரேயன்றிச் சீட்டைப் பாரார். எனவே சீட்டு அறிவுள்ளவர்க்கு வழிகாட்டும். குறைந்தபட்ச அளவோ கேட்க வழியற்றவரைக் காக்கும். தேர்வுரிமை இல்லாதவனுக்கு அறிவுரையால் ஆவதென்ன?

ஆயினும் இவ்விதிகளில் பெருங்குறை ஒன்று உண்டு. அது குளிரூட்டி என்னும் பெயரிலுள்ள குறையே. இக்கருவி குளிரைப் படைப்பதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகின்றது. தான் உண்ட மின்சாரத்தையும் வெப்பமாக்கி அதனோடு சேர்த்துவிடுகின்றது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறையிலிருந்து 6 பங்கு வெப்பத்தை எடுக்க 2 பங்கு மின்சாரம் கொள்ளும் கருவி, தெருவில் 8 பங்கு வெப்பத்தைக் கொட்டும். அதே வேலைக்கு 1 பங்கு மின்சாரமே கொள்ளும் சிறந்த கருவி 7 பங்கைக் கொட்டும். வீட்டுக்காரருக்கு மின்செலவு பாதியாயிற்று; பின்சந்தில் நடப்பவருக்கோ எட்டில் ஒரு பங்கே குறைந்தது. சரிக்குறி முன்னவர் கணக்கிற்கு இடப்பட்டதேயன்றிப் பின்னவர் கணக்கிற்கு அன்று.

ஜாலான் புசாரில் இதனைக் கண்ணாரக் காணலாம். சிம்சன் காற்றுக்காகக் கேட்ட பின்புறச் சந்துகளில் இன்று வெப்பக் காற்றை ஊதும் பெட்டிகள் வரிசையாய்த் தொங்குகின்றன. அவ்வெப்பம் புகாதிருக்க அண்டை வீட்டார் சன்னலை அடைக்கின்றனர். அடைத்தபின் அவரும் ஒரு கருவி வாங்குகின்றார். காற்றின் வழி மூடிக்கொண்டே போகின்றது.

குளிரூட்டியை விலக்குக என்று யாம் கூறவில்லை. முதியோர்க்கும் பிணியாளர்க்கும் அது இன்றியமையாததாகலாம். அளவாகப் பயன்படுத்தச் செய்யவும் வழிகள் உள்ளன. சிங்கப்பூர் அரசு 25 பாகையில் வைக்குமாறு அறிவுரை கூறுகின்றது. இந்திய அரசோ, நட்சத்திரக் குறியிட்ட அறைக் குளிரூட்டிகள் தொழிற்சாலையிலிருந்தே 24 பாகையில் அமைந்து வரவேண்டும் என 2020 முதல் விதித்துள்ளது. வேண்டுவோர் மாற்றிக்கொள்ளலாம், மாற்றாதோர் அறியாமலே சிக்கனம் செய்வர். சொல்லி விடுவதினும் அமைத்து விடுவது வலிது.

ஆயின் எந்த விதியும் கருவியை மட்டும் நோக்கின் போதாது. உள்ளே எத்துணைச் செலவு என்று உரைக்கும் சீட்டு, வெளியே எத்துணை வெப்பம் என்பதையும் ஒரு வரியில் உரைக்கலாகாதா? கட்டட விதி, வெப்பம் போகும் வழியில் யார் நடக்கின்றார் என்று கேட்கலாகாதா? இருநூறாண்டுக்கு முந்தைய ஆணை வழிப்போக்கனை நினைத்தது. அவனை மறந்த விதிக்கு எத்தனை சரிக்குறி இடுவது? வகுப்பில் குளிரூட்டி என்னும் சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், அது வெப்பம் தள்ளி என்பதையும் உடன் கற்பிப்பாராக.