கயிற்றில் கட்டிய பாசி

உரம் வேண்டாம், நன்னீர் வேண்டாம், காணியும் வேண்டாம். கிளிநொச்சி வலைப்பாட்டில் செய்யப்படும் கப்பாபைக்கஸ் பாசி வளர்ப்பு மன்னார்க் கரைக்கும் ஏற்றதென்று வாதிடுவோர் முதலில் அடுக்குவது இவற்றைத்தான். பொய்யில்லை. முழங்காலளவு தண்ணீரில் தடி நட்டு, நைலோன் கயிறு இழுத்து, கைப்பிடித் துண்டுகளைச் சாணுக்கொன்றாக முடிந்து, வெறும் பிளாஸ்ரிக் போத்தல்களை மிதவையாகக் கட்டினால் போதும். இந்தச் சிவப்புப்பாசியில் குளோரோபிலோடு பைக்கோஎரித்திரின் என்ற நிறமியும் உண்டு. நீருக்குள் இறங்கும் பச்சை ஒளியையும் அது பிடித்து ஒளித்தொகுப்புக்குக் கொடுக்கிறது. நுனிக்கலங்கள் பிரிந்துகொண்டே போக, ஏறக்குறைய 45 நாளில் துண்டு பல மடங்காகிவிடும். வள்ளமும் வலையும் வாங்க வழியற்ற பெண்களுக்குக் கையில் காசு புரளும் தொழில் இது. சூழல் பேசுபவர்கள் இதை எளிதாக மறந்துவிடுகிறார்கள்.

விதையும் வேண்டாம் என்கிறார்களே, சிக்கல் அங்கேதான். அறுவடையில் ஒதுக்கிய துண்டே அடுத்த போகத்துக்கு நடுகை. எல்லாமே இழையுருப்பிரிவில் வந்த நகல்கள். ஒன்றால் தாங்கமுடியாததை மற்றதாலும் தாங்கமுடியாது. வெயிலில் நீர் சுட்டாலோ, மாரி வெள்ளம் உப்பைக் குறைத்தாலோ தண்டு வெளுத்து, பக்டீரியா புகுந்து, இற்று விழும். ‘ஐஸ்-ஐஸ்’ என்பது இதைத்தான். ஓரா மீன் கடித்துத் தின்பது தனிக் கணக்கு.

நல்ல துண்டு பிய்ந்து போனாலோ, அது போன இடத்தில் முளைக்கும். எதிர்க்கரையில், தமிழ்நாட்டின் மண்டபத்தில், 1995இல் இந்தப் பாசியை வளர்க்கத் தொடங்கினார்கள். 2008இல் குருசடைத்தீவின் உயிருள்ள பவளத்தின்மேல் அது படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பவளத்துக்குள்ளும் ஒளித்தொகுப்பால் உணவு செய்யும் நுண்பாசிகள் உண்டு; போர்வை விழுந்தால் அவை பட்டினி, பவளமும் பட்டினி. அந்தக் கரையும் தொலைவில் இல்லை: தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். கடற்பசு மேயும் கடற்புல்லுக்கும் இதே வெளிச்சம் வேண்டும்.

காபனீரொட்சைட்டை உறிஞ்சுகிறது என்ற புகழ்ச்சி எனக்கு ஒப்பவில்லை. பிடித்த காபன், பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற கூழ்ப்பொருளாகி, ஐஸ்கிறீமிலும் பற்பசையிலும் சேர்ந்து, விரைவிலேயே திரும்பி வந்துவிடுகிறது.

இந்தக் கடலுக்கே உரிய கஞ்சிப்பாசியையும் இப்படிக் கயிற்றில் வளர்க்கலாம். பிய்ந்து போனாலும் அந்நியமாகாது. கப்பாபைக்கஸ்தான் வேண்டுமென்றால், பவளமும் கடற்புல்லும் இல்லாத மணல்தரையில் மட்டும் தடி நடட்டும். வாடைக்காற்று ஓய்ந்ததும் சிதறிய துண்டுகளைப் பாறைகளில் தேடிப் பொறுக்குவது யார் பொறுப்பு, அந்தக் கூலியை யார் கொடுப்பது என்பதை நாற்றுக் கொடுக்கும்போதே எழுதிவைக்க வேண்டும்.