‘ஹன்’: ஒரு சொல்லும் அதன் மீதேற்றிய சுமையும்

கொரிய இலக்கியம்பற்றி எழுதப்புகுவோர் ‘ஹன்’ என்னும் சொல்லை விளக்காது மேற்செல்வது அரிது. ஆற்றாமையும் அடக்கிய சினமும் தீராத் துயரும் ஒருங்கே திரண்ட உணர்வு அதுவென்பர். கொரிய இனத்தின் ஆன்மாவே அதுவென்றுங் கூறுவர். முன்னைய கூற்று ஏற்கத்தக்கது. பின்னையது ஆய்வுக்குரியது.

பலபொருள் குறித்த ஒருசொல் என்று நம் இலக்கணகாரர் வகுத்த வகையுள் இதனை அடக்கவியலாது. ஓரொலியில் வந்து கூடிய பல சொற்கள் இவை. ‘ஒரு’ எனவும் ‘பெரிய’ எனவும் பொருள்படுவன தனிக்கொரிய வழக்குகள். சியோலினூடாக ஓடும் ஹன் ஆறு ‘பேராறு’ என்னும் பொருளிற் பெயர்பெற்றதென்பர். 1897இல் கோஜொங் மன்னன் தன் நாட்டைப் பேரரசாகப் பிரகடனஞ் செய்தபோது, பண்டைய மூன்று ஹன் நாடுகளை நினைவுகூர்ந்து ‘தேஹன்’ எனப் பெயரிட்டான். துயரைச் சுட்டும் ஹன் முற்றிலும் வேறான சீன எழுத்தால் எழுதப்படுவது. சீனத்தில் அவ்வெழுத்து இன்று பெரும்பாலும் வெறுப்பையே குறிக்கும். நாட்டின் பெயரையும் துயரையும் ஒலியொப்புமையால் முடிச்சிடுவோர் செய்வது சொற்பிறப்பியலன்று.

துயரே கொரியரின் இயல்பு என்னும் கருத்தின் வரலாறும் கவனிக்கத்தக்கது. 1910இல் யப்பான் கொரியாவை இணைத்துக்கொண்டது. 1919ஆம் ஆண்டு மார்ச் எழுச்சி ஒடுக்கப்பட்டதன் பின்னர், யப்பானியக் கலையறிஞர் யனகி முனேயோஷி கொரியக் கலையின் வளைகோடுகளிலே துயரின் அழகைக் கண்டார். அவர் பரிவுடையவரே, குவாங்வாமுன் வாயிலை இடிக்கும் திட்டத்தை 1922இல் எதிர்த்தெழுதியவர். எனினும் ஆள்வோர் விளைத்த துன்பம் இங்கு ஆளப்பட்டோரின் அழகியலாகிவிடுகின்றது. பிற்காலக் கொரிய விமர்சகர் இதனைக் கண்டித்தமை நியாயமே.

கிம் சோவொலின் ‘அசேலியாப் பூக்கள்’ ஹன்னுக்கு முதலுதாரணமாகக் காட்டப்படுவது. அக்கவிதையில் அச்சொல்லே இல்லை! பிரிந்துசெல்வோன் பாதையிற் பூத்தூவி, இறந்தாலும் அழேனென்று சொல்பவளிடம் பணிவு மட்டுமா உள்ளது? மிதித்துச் செல் என்பதில் ஒரு கண்டனமும் ஒலிக்கின்றதன்றோ?

1970களில் சோ நம்டொங் முதலிய மிஞ்ஜுங் இறையியலாளர் இச்சொல்லைச் சமூகத்திடம் மீட்டனர். ஒடுக்கப்பட்டோருக்கு இழைக்கப்பட்ட அநீதியின் திரட்சியே ஹன் என்றும், அது தீர்க்கப்படவேண்டியதென்றும் அவர்கள் கொண்டனர். பிறப்பியல்பைத் தீர்ப்பாருண்டோ? காரணமுடையதையே தீர்க்கலாம்.

இம் குவொன்-தேக்கின் ‘சொப்யொன்ஜே’ (1993) திரைப்படத்தில், வளர்ப்புமகளின் பன்சோரிப் பாட்டிலே ஹன் விளையவேண்டுமெனத் தந்தை மருந்து கொடுத்து அவள் பார்வையைப் பறிக்கின்றான். படம் அவளது குரலின் மேன்மையிலே நம்மை உருகவைக்கின்றது. மருந்து கொடுத்த கையை விரைவில் மறக்கச்செய்கின்றது.